குக்கருக்கு ஒரு கதவு வேண்டும்

அடுத்தவர் கஷ்டத்தைக் குக்கர் அளவுக்குக் கோபமாக உட்கார்ந்து கேட்ட மனுஷி இந்தப் பூமியில் இதுவரை பிறக்கவில்லை, இனிமேலும் பிறக்கப் போவதில்லை. தப்பித் தவறிப் பிறந்தாலும் இந்த நாட்டில் அவளை யாரும் வேலையில் நிம்மதியாக இருக்க விடப் போவதில்லை. ஆமாம், இதை நான் எரிச்சலில்தான் எழுதுகிறேன். படித்து முடிக்கும்போது உங்களுக்கும் கொஞ்சம் எரிந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

குக்கர் என்பது நாங்கள் வைத்த பெயர். செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஒரு பெண்கள் விடுதியில் நானும் அவளும் ஒரே அறை. இரண்டு பேரும் எம்.எஸ்ஸி. சைக்காலஜி, அதுவும் ஹானர்ஸ். அவளுக்கு செய்யூர் பக்கம் ஒரு கிராமம். தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிய குடும்பம். அப்பா மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் செக்யூரிட்டி. கோபம் வருவதற்கு முன்னால் அவள் மூக்கு வழியாக ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வரும். அது கேட்டதும் நாங்கள் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவோம்.

சைக்காலஜி படிக்கிறவர்களை ஊரே ஒரு கேள்வி கேட்டுச் சாகடிக்கும். “நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லு பாக்கலாம்?” டாக்டருக்குப் படிக்கிறவனிடம் என் குடலில் என்ன இருக்கிறது என்று பஸ்ஸில் வைத்து யாராவது கேட்கிறார்களா? எங்களிடம் மட்டும் கேட்பார்கள். நான் பல்லைக் காட்டிச் சமாளிப்பேன். குக்கருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஒருநாள் செய்யூர் பஸ்ஸில் கண்டக்டர் வாயைக் கொடுத்தார்.

“இன்னா படிக்கிறம்மா?”

“சைக்காலஜி.”

“அப்ப நான் இன்னா நெனச்சிகினு கீறேன், சொல்லு பாப்போம்.”

உஸ்ஸ்.

“எல்லாம் ஓசி டிக்கெட்டு பொம்பளைங்கதான, ஸ்டாப்புல நிறுத்தாம போய்க்கினே இருக்கலாம்னு நெனச்சிகினு கீற. அட்த்த ஸ்டாப்புல நான் எறங்கணும். விசில் அடி.”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசில் அடித்தார். கூடையோடு நின்றிருந்த இரண்டு அம்மாக்களும் அவசரமில்லாமல் இறங்கினார்கள். அந்த ஊரில் அந்த பஸ் முழுசாக நின்று அவர்கள் பார்த்ததே அன்றைக்குத்தானாம்.

அவள் அக்கா கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தாள். பந்தியில் எதிர் வரிசையில் ஒரு சித்தப்பா. “பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குற படிப்பாமே? நல்லா கீற பொண்ணு, உனுக்கு ஏம்மா அந்தப் பொழப்பு?” என்றார். இவள் எழுந்துபோய், பிரியாணி வாளியோடு வந்துகொண்டிருந்த ஆளை நிறுத்திவிட்டாள்.

“அவருக்கு வைக்காத. சித்தப்பா, அவங்களுக்குப் பேரு பைத்தியம் இல்ல. மனநலம் சரியில்லாதவங்கன்னு சொல்லு. அப்பறம் துன்னு.”

சித்தப்பா சுற்றிலும் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. வாளியைப் பார்த்தார். பிறகு மந்திரம் ஜெபிக்கிற முகத்தோடு “மனநலம், மனநலம்” என்றார். லெக் பீஸ் விழுந்தது.

இப்படிப்பட்டவள் கவுன்சலிங் வகுப்பில் என்ன ஆகியிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பயிற்சியில் ஒருத்தி கஷ்டம் சொல்ல வந்தவளாக நடிக்க வேண்டும். இன்னொருத்தி கேட்க வேண்டும். அறிவுரை சொல்லக்கூடாது, பதறக்கூடாது. எதிரே இருப்பவர் பேச்சை நிறுத்தினால் நாமும் பேசாமல் காத்திருக்க வேண்டும். பேராசிரியை பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். என் முறை வந்தபோது, புருஷன் தினமும் அடிக்கிறான் என்று கண்ணைக் கசக்கினேன். குக்கர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“எங்க வேல செய்யறான் அவன்?”

நான் உளறினேன். “ஒ... ஒரகடத்துல.”

“எந்த ஷிஃப்டு?”

“உட்காரும்மா!” என்று அலறினார் பேராசிரியை. “அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை! நீ கேக்கணும். அதுதான் உன் வேலை. அடிக்கப் போறது இல்ல.”

“கேட்டுட்டு சும்மா கீறதுக்கு இன்னாத்துக்கு மேடம் ஹானர்ஸு?”

“சும்மா கேக்கறதுதான் இருக்கறதிலேயே கஷ்டம். அதுக்குத்தான்.”

அந்த வார்த்தை அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் கஷ்டத்தைக் கேட்டாலும் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வாள். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும், வாய் மட்டும் திறக்காது. குடி மறக்க வந்தவர்களிடம் எங்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எங்களிடம் ‘ம்’ கூடச் சொல்லாத ஆட்கள் இவளிடம் மணிக்கணக்கில் பேசினார்கள். தனக்காக ஒருத்தி இவ்வளவு கோபப்படுகிறாளே என்று ஒவ்வொருவரும் மிச்சத்தையும் கொட்டிவிட்டுப் போனார்கள். வகுப்பிலேயே சிறந்த மாணவி அவள்தான் என்று பேராசிரியையே கடைசியில் ஒப்புக்கொண்டார்.

சரி, படித்து முடித்தோம். சைக்காலஜி படித்தால் ஆயிரம் கதவு திறக்கும் என்று பட்டமளிப்பு விழாவில் ஒருவர் பேசினார். அவரை இப்போது எங்கே பார்த்தாலும் நான் நாலு வார்த்தை கேட்பேன். ஒருத்தி மேற்கொண்டு மருத்துவ உளவியல் படிக்க நுழைவுத் தேர்வு எழுதி எழுதி ஒருவழியாக இடம் வாங்கினாள், அவள் பாக்கியசாலி. ஒருத்தி மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில், மன அமைதிப் பயிற்சி என்ற பெயரில் வெள்ளைக்காரர்களுக்கு ஒற்றை உலர்திராட்சையை மெதுவாக மென்று சாப்பிடக் கற்றுத் தருகிறாள். நான் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியின் எச்.ஆர். ஊழியர் மனநல வாரம் என்று ஒன்று வரும், அதற்கு பலூன் ஊதுவேன். வாரம் முடிந்ததும் வேலையைவிட்டு அனுப்ப வேண்டியவர்களைக் கூப்பிட்டுக் கனிவாகப் பேசச் சொல்வார்கள். ஹானர்ஸ் படித்தது அந்தக் கனிவுக்குத்தான் போலிருக்கிறது.

திராட்சை வேலை முதலில் குக்கருக்குத்தான் வந்தது. வேண்டாம் என்றுவிட்டாள்.

“எங்க ஸ்கூல்ல ஒருத்தி கிளாஸ்ல அழுதுகினே கெடந்தா. இன்னான்னு ஒருத்தரும் கேக்கல. பேய் புட்ச்சிகிச்சுன்னு வேப்பிலைய எடுத்து அடிச்சாங்க. நான் ஸ்கூலுக்குத்தான் போவேன்” என்றாள். ஈ.சி.ஆரில், திருவிடந்தை தாண்டி ஒரு தனியார் பள்ளியில் கவுன்சலராகச் சேர்ந்தாள். நானும் அவளும் கேளம்பாக்கத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தோம்.

அந்தப் பள்ளியில் கவுன்சலர் என்றால் யார் தெரியுமா? கணக்கு டீச்சர் லீவு போட்டால் கணக்கு வகுப்பில் உட்காருகிறவள். ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கு ரோஸ் பவுடர் அப்புகிறவள். சாயங்காலம் வேன் ஏற்றிவிடுகிறவள். கவுன்சலிங் அறை என்று கொடுத்தது ஃபுட்பால் மூட்டை வைக்கிற இடம். அதற்குக் கதவு கிடையாது, ஒரு திரை தொங்கும். ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தால் திரையை விலக்கிக்கொண்டு பி.டி. மாஸ்டர் பந்து எடுக்க வருவார்.

பள்ளியின் கரஸ்பாண்டென்ட்டிடம் போனாள். “சார், எனக்கு ஒரு கதவு வேணும்.”

“கதவு எதுக்கும்மா? இங்க எல்லாரும் ஒரே குடும்பம்.”

“குடும்பத்துலதான சார் பிரச்சனையே.”

கதவு வரவில்லை. குக்கர் அதற்கும் ஒரு வழி பார்த்தாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுச் சவுக்கு மர நிழலில் சும்மா நிற்கும் பள்ளி வேனுக்குக் கதவு இருக்கிறதே! டிரைவர் மூர்த்தி அண்ணனிடம் சாவி கேட்டாள்.

“இன்னாம்மா இது, வண்டிய ஆஸ்பத்திரி ஆக்கிட்ட?” என்றார் அவர். ஆனால் சாவியைக் கொடுத்தார், ஜன்னலுக்குப் பழைய போர்வையும் கொண்டுவந்து கட்டினார். பேச விரும்புகிற பிள்ளைகள் வேனுக்கு வந்தார்கள். குக்கர் பின்சீட்டில் கைகளின் மேல் உட்கார்ந்து கேட்டாள்.

இனிமேல் எழுதப் போவதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பிளஸ் டூ படித்த ஒரு பெண் திடீரென்று பரீட்சைப் பேப்பர்களை வெள்ளையாகக் கொடுக்க ஆரம்பித்தாள். அதுவரை நன்றாகப் படித்தவள். அவள் அப்பா முட்டுக்காட்டில் படகு ஓட்டுகிறவர். கரஸ்பாண்டென்ட்டுக்கு அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று ரோட்டில் வைக்கும் பேனரைப் பற்றித்தான் கவலை. பொதுத்தேர்வுக்குப் பெயர் அனுப்புவதற்குள் டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிட்டால் பேனர் பிழைக்கும். அப்பாவை வரச் சொல்லிவிட்டார். பரீட்சைக்கு முன்னால் நடுத்தெருவில் நின்றால் எந்தப் பள்ளி சேர்த்துக்கொள்ளும்? அந்தப் பெண்ணின் படிப்பு அத்தோடு முடிந்திருக்கும்.

குக்கர் தடுத்தாள். “அவ எழுதுவா சார். எங்கிட்ட பேசிகினு கீறா. டயம் குடுங்க.”

“என்ன பேசறா? அதைச் சொல்லு. நியாயமா இருந்தா வெச்சுக்கறேன்.”

“அத சொல்ல முடியாது சார்.”

“நான் சம்பளம் குடுக்கறேன்.”

“அவ என்னிய நம்பிப் பேசறா.”

எங்கள் தொழிலில் இது ஒரு சட்டம். உயிருக்கு ஆபத்து, யாராவது பிள்ளைக்குத் தீங்கு செய்கிறார்கள் என்றால் சொல்லியாக வேண்டும். மற்றபடி வந்தவர் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் யாரிடமும் திறக்கக்கூடாது. இது அந்த ஆபத்து வகை இல்லை. குக்கர் அந்தப் பெண்ணிடமே போய், சொல்லட்டுமா என்று கேட்டாள். ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் தப்பித்துவிடலாம். அவளோ, “வேணாம் மிஸ், டி.சி. வாங்கிக்கறேன்” என்றிருக்கிறாள். அன்றைக்கு எங்கள் மாடி அறையில் குக்கர் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்து எட்டிப் பார்த்தார். “சொன்னாலும் துரோகம், சொல்லாங்காட்டியும் துரோகம். எவன்டி இந்தப் படிப்பக் கண்டுபுட்ச்சான்?”

மறுநாள் நடந்ததை எனக்குச் சொன்னது மூர்த்தி அண்ணன். டீசல் விஷயமாக அவர் கரஸ்பாண்டென்ட் ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறார். அந்தப் பெண்ணின் அப்பா பெஞ்சில் காத்திருக்கிறார். உள்ளே குக்கர்.

“சார் கத்துறாரு, கத்துறாரு, மேடம் வாயே தொறக்கல. கைமேல குந்திகினு அவரையே பாத்துகினு கீறாங்க. கத்தி முட்ச்சாரு. அப்பவும் பேசல. ஃபேன் சத்தந்தான் கேக்குது. ‘என்னம்மா பாக்கற?’ன்னாரு. பதில் இல்ல. பேப்பர அந்தாண்ட வெச்சாரு, இந்தாண்ட வெச்சாரு. அப்பால எழுந்து வந்தாரும்மா. தொரத்தப் போறாருன்னு நெனச்சேன். கதவ சாத்திட்டு உள்ள போய்ட்டாரு.”

கதவு எதற்கு என்று கேட்ட அதே மனுஷன்தான், தன் கையாலேயே சாத்திக்கொண்டான். டீ கொண்டுபோன ஆயாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தபோது அவன் கண் சிவந்திருந்ததாம். வெளியே வந்து, பெஞ்சில் இருந்தவரிடம், “பொண்ணு இங்கயே எழுதட்டும், போங்க” என்று மட்டும் சொன்னானாம்.

அந்தப் பெண் எழுதினாள். மாநில முதலிடம் எல்லாம் இல்லை, பாஸ். அது போதும். பேனரும் பிழைத்தது.

அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் குக்கரை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். கவுன்சலருக்கு பட்ஜெட் இல்லையாம். பட்ஜெட்டாவது மண்ணாவது! தான் அழுததைப் பார்த்த ஒருத்தி தினமும் எதிரே நடமாடுவது அந்த ஆளுக்குப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த அறையில் இன்றைக்கும் ஃபுட்பால் மூட்டைதான் இருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைப் பிடித்து உலுக்கினேன். “உள்ள என்னடி சொன்னான் அந்த ஆளு? சொல்லு, ஊர் பூரா சொல்லி நாறடிக்கிறேன்.”

உஸ்ஸ் என்றாள். கோபம் என்மேல்.

“உன் வேலையைப் புடுங்கினவன்டி! அவன் மானத்தை நீ எதுக்குக் காப்பாத்தற?”

“வேலய புடுங்கனது கரஸ்பாண்டென்ட்டு. அவரு மேல கோவம் கீது, செத்தாலும் போவாது. அன்னிக்கு என் எதுர்ல குந்திகினு பேசனது வேற ஆளு. அந்த ஆளப் பத்தி நான் பேசமாட்டேன்.”

“அந்தப் பொண்ணு விஷயமாவது சொல்லேன்.”

“போய்ப் படு.”

இப்போது குக்கர் செங்கல்பட்டில் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருக்கிறாள். சம்பளம் குறைவு. கேஸ் அதிகம். அங்கேயும் யாரோடாவது தினமும் ஒரு சண்டை உண்டு. திராட்சைக்காரி கார் வாங்கிவிட்டாள். இதையெல்லாம் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, எரியட்டும்.

போன வருஷம் என் வாழ்க்கையிலும் ஒன்று உடைந்தது. என்ன என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை, என்னைப் பெற்றவர்களுக்கே தெரியாது. ரயில் பிடித்துப் போய் குக்கரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.