மணி கழற்றப்பட்ட கிள்ளான் பஸ்

பஸ் என்பது ஏறுவதற்கும் இறங்குவதற்கும் உண்டான வாகனம். ஏறுவதில் இராசேஸ்வரிக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை. பின்னால் நிற்பவர்களே ஏற்றிவிட்டுவிடுவார்கள். இறங்குவதில்தான் சங்கடம்.

கணக்கியல் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் அவள். தங்கியிருந்தது கிள்ளானில், மாமா சீவரத்தினத்தின் வீட்டில். கல்லூரி பிரிக்ஃபீல்ட்ஸில். காலையில் பிரிக்ஃபீல்ட்ஸில் பாதி பஸ் காலியாகும். கூட்டம் அவளையும் வெளியே கொண்டுவந்து சேர்த்துவிடும். மாலையில் மாமா வீட்டு ஸ்டாப்பில் இறங்க அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது. மணியை அழுத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று பேசாமல் இருந்துவிடுவாள். பஸ் ஸ்டாண்ட் வரை போய், அங்கிருந்து நடந்து வருவாள்.

"பஸ் பிந்திப்போச்சுது மாமா" என்பாள்.

மாமா பஸ் கம்பெனியைத் திட்டுவார். கம்பெனிக்கு அது பழக்கம்.

இந்நிலையில், மேற்படி கம்பெனியின் பயணியர் நல்லுறவு அதிகாரி திரு. சபாபதி அவர்கள் ஜப்பானில் ஒரு பயிற்சியை முடித்துத் திரும்பினார். அந்த நாட்களில் ஆபீசுக்கு ஓர் அதிகாரியாவது ஜப்பான் போய்வந்தால்தான் ஆபீசுக்கு மதிப்பு. மற்றவர்கள் அங்கிருந்து ரேடியோ வாங்கி வந்தார்கள். சபாபதி அவர்கள் குனிந்து வணங்குவதை வாங்கி வந்தார்.

அடுத்த வாரமே பஸ்களில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. இம்மாதம் பண்பு மாதமாக அனுசரிக்கப்படும். ஏறும் ஒவ்வொரு பயணியையும் கண்டக்டர் இடுப்பு வளைய வணங்குவார். பயணியும் அவ்வண்ணமே வணங்குதல் வேண்டும். மணி அடிப்பது ஓட்டுநரை அதட்டுவதற்கு ஒப்பாகும் என்பதால் மணிகள் கழற்றப்படுகின்றன. இறங்க விரும்புவோர் தம் விருப்பத்தைக் கண்டக்டரிடம் மென்மையாகத் தெரிவிக்கலாம். தெரிவிக்காமலிருப்பது அதனினும் பண்பாகும். மாதக் கடைசி நாளில் அதிகாரி நேரில் பயணம் செய்து, இறுதிவரை வாய் திறவாத பயணிக்குக் கலர் டிவி ஒன்றைப் பரிசளிப்பார்.

முதல் நாள் காலை கண்டக்டர் ரெங்கசாமி குனிந்தபோது எதிரே குனிந்தவள் மாரியாயி. பிரிக்ஃபீல்ட்ஸ் பாசாரில் கீரை விற்பவள். இரண்டு தலையும் மோதின. மாரியாயிக்கு ஒன்றும் ஆகவில்லை. ரெங்கசாமிக்கு நெற்றி புடைத்தது.

"என்னா தம்பி, டிக்கெட் கிழிக்கச் சொன்னா மண்டைய ஒடைக்கிற?"

"நானா செய்றேன் அக்கா? ஆபீஸ்ல சொல்றான் லா. குனியலன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவான்."

"அப்ப சட்டுனு குனிஞ்சு முடி. கீரை வாடுது."

கும்பிட்டுக் கும்பிட்டு ஏறியதில் பஸ்கள் தாமதமாயின. அதிகாரி உடனடியாக நடவடிக்கை எடுத்தார். நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு, தூரத்தில் பஸ் தெரியும்போதே பயணிகள் குனியத் தொடங்க வேண்டும். குனிந்த தலைகளுக்கு பஸ் நம்பர் தெரியவில்லை. ஷா ஆலம் போக வேண்டியவர்கள் காப்பாருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இராசேஸ்வரியும் ஒருநாள் அங்கே போய்ச் சேர்ந்தாள். அன்று அவளுக்குப் பரீட்சை.

கல்லூரி முதல்வர் பண்பாகவே சொன்னார்: "மறுபரீட்சை மாதக் கடைசியில். அதையும் விட்டால் உன்னுடைய மாணவர் விசாவை நீட்டிக்க முடியாது. ஊருக்குத் திரும்பிப் போகவேண்டியதுதான்."

அந்தக் கடைசி நாள் வந்தது. விடியற்காலையிலேயே கிளம்பினாள். பஸ்ஸில் முன் சீட்டில் சபாபதி அவர்கள் கோட்டும் டையுமாக வீற்றிருந்தார். பக்கத்துச் சீட்டில், டிக்கெட் இல்லாமல், கலர் டிவி பெட்டி. மற்றவர்கள் எல்லாரும் கல்யாண வீட்டு போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தார்கள்.

பெட்டாலிங் ஜெயா வந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பஸ் நிற்கவில்லை. கழுத்துகள் மட்டும் தத்தம் ஆபீஸ்களை ஏக்கத்துடன் திரும்பிப் பார்த்தன.

பிரிக்ஃபீல்ட்ஸ் நெருங்கியது. ஸ்டாப்பில் ஏறுவதற்கும் ஆள் இல்லை. இராசேஸ்வரி பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். மாரியாயியிடம் மெல்லக் கேட்டாள்:

"அக்கா, நீங்களும் இங்கைதானே இறங்கிறனீங்கள்?"

"நானா?" உதடு அசையாமல் கேட்டுவிட்டு மாரியாயி மடியிலிருந்த கீரைக் கூடையை முந்தானையால் மூடினாள். "இன்னைக்கு சும்மா ஊர் சுத்திப் பாக்க வந்தேன் கண்ணு."

இராசேஸ்வரி எழுந்து கண்டக்டரிடம் போனாள். "அண்ணை, நான் இறங்கவேணும். எனக்குப் பரீட்சை."

ரெங்கசாமி அவளைக் குனிந்து வணங்கினார். பிறகு ஓட்டுநரிடம் போய் அவரையும் குனிந்து வணங்கினார். பிறகு அவர் காதருகே மென்மையாக ஏதோ சொன்னார். இன்ஜின் சத்தத்தில் அது ஓட்டுநருக்கு எட்டவில்லை. ஸ்டாப் பின்னால் போயிற்று. கல்லூரியும் போயிற்று.

"இன்னொரு தடவை சொல்லுங்கோ அண்ணை!"

"சார் பாக்குறாரு தங்கச்சி. ரெண்டாவது தடவை சொன்னா நச்சரிக்கிறதா ஆயிடுமாம்."

அப்போதுதான் அது நடந்தது. அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று இராசேஸ்வரிக்கே சற்று நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"நிப்பாட்டடா பஸ்ஸை!"

ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். பண்பு மாதத்தில் முதல் தடவையாக எல்லாப் பயணிகளும் ஒரே நேரத்தில், இடுப்பு வளைய, மிக அழகாகக் குனிந்தார்கள். சபாபதி அவர்களின் நெற்றி டிவி பெட்டியில் பதிந்தது.

இராசேஸ்வரி கதவை அடையுமுன் மாரியாயி கூடையோடு அவளை முந்திக்கொண்டாள்.

"பொம்பளப் புள்ள இப்படியா கத்தும்? மரியாதைன்னா என்னான்னு தெரியல," என்று சொல்லிக்கொண்டே குதித்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால், "சரியாச் சொன்னீங்க", "காலம் கெட்டுப்போச்சு லா" என்றபடி பஸ் முழுவதும் இறங்கியது.

இராசேஸ்வரி ஓடினாள். மூச்சிரைக்கப் போய் உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். பாஸும் செய்தாள்.

பஸ்ஸில் கடைசிவரை வாய் திறவாமல் எஞ்சியிருந்த பயணி சபாபதி அவர்கள் ஒருவரே. அவரும் பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்க வேண்டியவர்தான். விதிகளை அவரே இருமுறை படித்துப் பார்த்து, கனத்த மனத்துடன் டிவியைத் தமக்கே பரிசளித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் புதிய அறிவிப்பு வந்தது. பயணிகளில் ஒருவர்கூடப் புகார் செய்யாததால் பண்பு மாதம் மகத்தான வெற்றி. ஆகவே இது பண்பு ஆண்டாக நீட்டிக்கப்படுகிறது. இம்முறை பரிசு ஐஸ் பெட்டி. அதிகாரி என்றைக்கு, எந்த பஸ்ஸில் வருவார் என்பது முன்கூட்டி அறிவிக்கப்படாது. கத்திய பெண் மட்டும் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறாள்.

அன்று மாலை கிள்ளான் பஸ்ஸில் இராசேஸ்வரிக்கு உட்கார இடம் கொடுக்க நான்கு பேர் எழுந்தார்கள்.

"தங்கச்சி, அடுத்தது என் ஸ்டாப்பு. ஒரு சத்தம் போடும்மா."

"பத்து தீகா ஸ்டாப்புல எனக்கு, கண்ணு. உனக்குத்தான் மரியாதை இல்லேன்னு ஆயிடுச்சே, கூட ரெண்டு தடவை கத்துனா என்னா?"

அவள் கத்தினாள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கத்தினாள். ஒவ்வொருவரும் அவளைக் கண்டிக்கும் முகத்துடன் பண்பாக இறங்கிப் போனார்கள்.

மாமா வீட்டு ஸ்டாப் வந்தது. அவள் வாயைத் திறந்தாள். தொண்டை கட்டியிருந்தது, காற்றுத்தான் வந்தது. மிச்சமிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ரெங்கசாமி அவளை இடுப்பு வளைய வணங்கினார்.