சிவப்புக் கொடிக்கு இரண்டு சாட்சிகள்

ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானம் சித்தியடையாத ஒருவன் உயிர்க் கலங்களைப் பற்றி எழுதப் புறப்படுவது பிழைதான். பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை இலைக் கலம் ஒன்றின் படத்தைக் கீறி, அதற்குள் இருக்கும் பச்சையுருமணிகளுக்கெல்லாம் கவனமாக நிறம் தீட்டிக் கொடுத்தேன். "இந்த இலை எப்ப செத்தது?" என்று ரீச்சர் கேட்டா. வகுப்பே சிரித்தது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. (கூச்சத்தில் கேட்கவுமில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.)

எங்கள் தொழில் முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடி. பின்னேரம் வலையை விட்டுவிட்டு வந்து, விடிய வெளிச்சம் வந்ததும் போய் இழுப்போம். எது யாருடைய வலை என்று தெரிய, மிதப்பில் கம்பு நட்டு வீட்டுக்கு ஒரு நிறத்தில் கொடி கட்டியிருக்கும். எங்கள் கொடி நீலம். அது காற்றில் கிழிந்துபோக, மனைவி மேரி பழைய பாவாடையை வெட்டிச் சிவப்புக் கொடி தைத்துத் தந்தாள். பச்சைக் கொடி பிலிப்பு அண்ணருடையது. அவருடைய மகனுக்குத்தான் என் தங்கச்சி ரெஜினாவைப் பேசியிருந்தோம். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவித்தல் ஒரு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு இருந்தது.

அந்த வியாழக்கிழமை நானும் அம்மாவின் தம்பி சூசை மாமாவும் கடலுக்குப் போனோம்.

"மருமோன், அந்தா எங்கட கொடி."

"ஓம் மாமா, சிவப்புத்தான்."

வலை நிறையப் பாரை மீன். மாமா மாதாவுக்கு நன்றி சொன்னார். (வலையைப் பார்த்தாவது தெரியாதா என்பீர்கள். எல்லாரும் ஒரே கடையில் வாங்கிய வலைதான்.) கரையில், படகை இறக்கப் போன பிலிப்பு அண்ணர் எங்கள் படகுக்குள் கிடந்த கொடியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ர வலையை ஏன் தம்பி இழுத்தனீ?"

"உங்கட இல்லை அண்ணர், எங்கட" என்று அவருடைய பச்சைக் கொடியையே தூக்கிக் காட்டினேன். கள்ளன்கூட அவ்வளவு துணிவாகக் காட்டமாட்டான்.

பின்னேரம் மீனவர் சங்கம் கூடியது. தலைவர் எங்கள் கொடியையும் கடலிலிருந்து எடுப்பித்து, இரண்டையும் மேசையில் போட்டார்.

"இதில எது சிவப்பு?"

நான் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ரெண்டும் ஒண்டுதானே" என்றேன்.

மாமா எழும்பினார். "நானும் கண்ணால பாத்தனான். ரெண்டும் சிவப்பு. சத்தியம்."

பிலிப்பு அண்ணர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். "களவும் எடுத்துப்போட்டுச் சபையில பகிடியும் விடுகினம். இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம். பாதரிட்டச் சொல்லி அறிவித்தலை நிப்பாட்டுறன்."

வாசலில் நின்ற ரெஜினா அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதிருக்கலாம்.

அப்போதுதான் மேரி வாய் திறந்தாள். "தலைவர், ஒரு சின்னக் கதை. இந்த மனுசனை மிளகாய்ப் பழம் பிடுங்க விட்டால் காயையும் சேத்துப் பிடுங்கிக்கொண்டு வருவார். பன்னிரண்டு வரியமாப் பஞ்சிக் குணம், சோம்பேறித்தனம் எண்டு பேசிக்கொண்டிருக்கிறன்."

தலைவர் யோசித்தார். "நாளைக்கே கண் டொக்டரிட்டக் கொண்டுபோங்கோ. ரெண்டு பேரையும்."

வெள்ளிக்கிழமை கண் கிளினிக்குக்குப் பிலிப்பு அண்ணரும் வந்தார். (எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை.) டொக்டர் அம்மா நிறப்புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தை விரித்து, என்ன இலக்கம் தெரிகிறது என்று கேட்டா.

"இதில இலக்கம் இருக்கோ?" என்றேன் நான்.

"புள்ளிதான் கனக்கக் கிடக்கு" என்றார் மாமா.

பின்னாலிருந்து பிலிப்பு அண்ணர், வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை போல, "நாப்பத்தைஞ்சு" என்றார்.

டொக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னா. கண்ணின் உள்சுவரில் கூம்பு வடிவக் கலங்கள் இருக்கின்றனவாம். சிவப்புக்கு ஒரு வகை, பச்சைக்கு ஒரு வகை, நீலத்துக்கு ஒரு வகை. ஒவ்வொரு கலத்தின் கருவுக்குள்ளும் அது எப்படி வேலை செய்யவேண்டும் என்று ஏடு மாதிரி எழுதியிருக்குமாம். எங்கள் இருவரின் ஏட்டிலும் பச்சைக்குரிய பக்கத்தில் பிழை. "தாய்வழியா வாறது. பொம்பிளையளுக்கு அனேகமா ஒண்டும் தெரியாது. பெடியளிலதான் வெளியில வரும்."

கள்ளன் இல்லை என்றாகிவிட்டது. எனக்கு மூச்சு வந்தது. பிலிப்பு அண்ணருக்கோ யோசனை வந்தது.

"அப்ப இவன்ர தங்கச்சியிட்டயும் இருக்குமோ?"

"பாதிக்குப் பாதி இருக்கலாம்."

"இருந்தால் பேரப்பெடியளுக்கு?"

"அதுவும் பாதிக்குப் பாதி."

வந்த மூச்சு திரும்பிப் போனது. களவென்றால் என்னோடு முடிந்திருக்கும். இது பேரன்வரை போகிறது.

பஸ்ஸால் இறங்கியதும் பிலிப்பு அண்ணர் சொன்னார்:

"தம்பி, எங்கட பரம்பரையிலயும் ஒரு வருத்தம், ஒரு நோய் இருக்கு. விடிய எழும்புறேல்ல. எனக்கும் இருக்கு, மகனுக்கும் இருக்கு. நீங்களும் கேக்கேல்ல, நானும் சொல்லேல்ல. பிழையான வலையெண்டாலும் நேரத்துக்குப் போய் இழுத்தனீங்கள். கல்யாணம் நடக்கட்டும். ஆனால் இனி நிறத்தை நம்பாதேங்கோ."

என் அம்மா இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு எல்லா நிறமும் வடிவாத் தெரியுது. என்னட்ட இல்லாததை எப்பிடி உனக்குக் குடுப்பன்?" என்பா. மேரி அன்று பின்னேரமே கொடிக்கம்பில் என் பழைய செருப்பொன்றைக் கட்டிவிட்டாள். இப்போதும் நான் கடையில் சேலை பார்த்து நின்றால், "செருப்புக் கட்டின சேலை இருக்கோ எண்டு கேளுங்கோ" என்று ரெஜினா சிரிப்பாள்.

கிளினிக்குக்குப் போன மறுநாள் சனிக்கிழமை, நானும் மாமாவும் செருப்புத் தொங்கிய கொடியைத் தேடிப்போய் வலையை இழுத்தோம். இந்தமுறை எங்கள் வலையேதான்: நாலு கிளாத்தி மீனும் ஒரு நண்டும் இருந்தன.