மடி மாமாவின் இரும்புத் தீட்டு

துருவுக்கு அடுத்தபடியாக இந்த உலகத்தில் இரும்பின் பெரிய எதிரி எங்கள் மடி மாமாதான். திருவனந்தபுரத்தில் நான் மாணவியாக இருந்த ஆய்வுக்கூடத்தில் உலையைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். வலியசாலை அக்ரஹாரத்திலிருந்து சைக்கிளில் வருவார். அதை இருபதடி தள்ளி நிறுத்திவிட்டு, கை கால் கழுவிக்கொண்டுதான் உலை அறைக்குள் நுழைவார். சைக்கிள் இரும்பாயிற்றே.

நான் பொன்முடி எஸ்டேட்டின் கூலியாட்கள் லயத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். இதைக் கேட்காதவர்களிடமும் சொல்வேன், இப்போது சொன்னதைப் போல. அப்படிப்பட்டவளை முதல் நாளே வாசலில் நிறுத்தினார்.

"அங்கயே நில்லு. உள்ள வரப்படாது."

எனக்குச் சுருக்கென்றது. அக்ரஹாரத்து ஆள், எஸ்டேட்டுப் பெண். சண்டைக்குத் தயாராகி, "ஏன் வரக்கூடாது?" என்றேன்.

"தலையில எத்தன ஹேர்பின்?"

"நாலு."

"துப்பட்டாவுல?"

"சேப்டி பின் ரெண்டு."

ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். "எல்லாத்தையும் இதுல போட்டுட்டு வா. இங்க இரும்புக்காக்கும் தீட்டு. மனுஷாளுக்குக் கிடையாது."

டப்பாவுக்குள் ஏற்கெனவே எங்கள் பேராசிரியரின் கைக்கடிகாரம் கிடந்தது.

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. பிஸ்மத் ஃபெரைட் என்ற பொருளின் பொடியைப் பில்லையாக அழுத்தி உலையில் சுடுவோம். அதன் மின்முனைகளை வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுத்துத் திருப்பிப் போடலாம். கூடவே அது காந்தமாகவும் இருந்தால், மின்சாரத்தால் எழுதிக் காந்தத்தால் படிக்கும் கணினி நினைவகம் செய்யலாம் என்று உலகமே அலைந்துகொண்டிருந்த காலம். சாதாரண அறை வெப்பத்தில் இந்த இரண்டு குணமும் சேர்ந்திருக்கும் பொருள் அபூர்வம். இதில் சேர்ந்திருக்கும், ஆனால் காந்தம் மகா சோப்ளாங்கி. ஊசிமுனை அளவு இரும்புத்தூள் கலந்தால் போதும், இல்லாத பலத்தைக் காட்டி ஏமாற்றிவிடும்.

"பொடியிலயே இரும்பு ஆக்சைடு இருக்கே மாமா?" என்று ஒருநாள் மடக்கினேன்.

"அது ஆக்சிஜனோட கல்யாணம் ஆன இரும்பு, குட்டி. அடங்கிக் கெடக்கும். சேப்டி பின் கல்யாணம் ஆகாத ஒத்தத்தடி. புகுந்த எடத்துல கலகம் பண்ணும்."

தில்லியிலிருந்து வந்த விஞ்ஞானி ஒருவரை, பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, ஒரு கையால் பேண்டைப் பிடித்தபடியே கூடத்தைச் சுற்றிப் பார்க்க வைத்தவர் அவர்.

மூன்றாம் ஆண்டு. என் ஆய்வை நீட்டிப்பதா என்று ஒரு குழு முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் நான் எஸ்டேட்டுக்கே திரும்ப மலையேற வேண்டியதுதான். அதுவரை என் பில்லைகளில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. குழு கூடச் சில நாள் இருக்கும்போது புதிய பில்லையின் காந்த அளவு வந்தது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. பேராசிரியர் லட்டு வாங்கினார். மாமா வலியசாலைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: "எல்லாம் நம்ம மடியாக்கும்."

குழு கூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, அடுத்த பில்லை சுட்ட கிண்ணத்திலேயே ஒட்டிக்கொண்டது. மாமா சட்டைக்குள் கையை விட்டார். பூணூலில் முடிந்திருந்த வீட்டுச் சாவியால் பில்லையை நெம்பி, அடியையும் சுரண்டினார்.

"மாமா, அது என்ன?"

"சாவி."

"எதுல செஞ்சது?"

"பூணூல்ல இருக்கறதுன்னா அது மடி..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"எப்பவும் இதாலதானா?"

"மரக்குச்சி போன மாசம் ஒடிஞ்சுது."

நான் ஒரு காந்தத்தைக் கிண்ணத்தருகே கொண்டுபோனேன். சுரண்டிய தூளில் கொஞ்சம் எழுந்து நின்றது.

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அன்று முழுதும் பேசாமல்தான் இருந்தேன். மறுநாள் பேராசிரியரிடம் போய், அந்த அளவு பொய், என் கவனக்குறைவால் இரும்பு கலந்துவிட்டது என்றேன். சாவியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அந்தத் தெருவில் அவர் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பார்?

குழுவின் முன் நிஜக் காந்த அளவை வரைபடத்தில் மெலிந்த கோடாகக் காட்டினேன். "மூணு வருஷமாச்சு, சுத்தமா வேலை செய்யக்கூடத் தெரியாதா?" என்றார் ஒருவர்.

கதவு திறந்தது. அந்த அறைக்குள் டெக்னீஷியன்கள் வரும் வழக்கமில்லை.

"எந்தா இவிடெ?" என்று, இங்கே என்ன வேலை என்பதுபோலக் கேட்டார் பேராசிரியர்.

"சாரே, குட்டி மேல தப்பில்ல. இரும்பு கலந்தது நானாக்கும்." மாமா சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். "மூணு வருஷத்துல அவ ஒரு பின் கொண்டுவந்ததில்ல. தீட்டு என் பூணூல்லேந்து வந்தது."

குழுத் தலைவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. மற்றவர்கள் காகிதங்களுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது. அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். அதிலிருந்த ஸ்டேப்ளர் ஊசியைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டுத்தான் அதை உலை அறைக்குள் எடுத்துப் போனார்.

இப்படிப்பட்ட நாட்களில் மற்ற மாணவர்களுக்காக வராந்தாவில் அப்பாவோ அண்ணனோ காத்து நிற்பார்கள். என் வீட்டார் அந்தக் கட்டடத்தின் படியேறவே தயங்குவார்கள். அன்று எனக்கும் வீட்டிலிருந்து ஒருவர் வந்திருந்தார்.