நாலு மூலையும் ஐம்பத்தைந்து மில்லிமீட்டரும்

அன்று காலை பல் துலக்கும்போதே தீர்மானித்துவிட்டேன். மாடி அறையை விட்டுக்கொடுப்பதில்லை. தலையே போனாலும் சரி. தலைமுடி ஏற்கெனவே போய்விட்டதால் மிச்சத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலையும் இல்லை.

அந்த அறைதான் இந்த வீட்டில் என் ஒரே ராஜ்யம். அதில் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்று, அதன் மேல் ஒரு தொலைநோக்கி, தொலைநோக்கியின் பின்னால் ஒரு கேமரா. இருட்டியதும் கதவைத் திறந்து மொட்டை மாடிக்கு எடுத்துப் போவேன். வானத்தைப் படம் பிடிப்பேன். ராஜாவுக்கு வேறென்ன வேலை?

எதிரி நாட்டு ராணி என் மனைவி. பிசியோதெரபிஸ்ட். முழங்கால், முதுகு, கழுத்து, எது மக்கர் பண்ணினாலும் தெருவே அவளிடம்தான் வரும். வருகிறவர்களுக்கு வைத்தியம் எங்கள் ஹாலில். நான் தட்டோடு உட்காரும் நேரம் பார்த்து எதிர்வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் என் தட்டுக்கு நேராகக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுவார். ஏழுக்கு அப்புறம் அவருக்கு எண்ணிக்கை மறந்து போகும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார்.

"மாடி ரூமைக் குடுத்துடுங்க. எல்லாரையும் அங்க அனுப்பிடறேன்" என்றாள் மனைவி.

"முழங்கால் வலிக்காரங்க எப்படிம்மா மாடி ஏறுவாங்க?"

"ஏறிட்டாங்கன்னா பாதி வலி போயிடுச்சுன்னு அர்த்தம்."

"அங்க ஆராய்ச்சி நடக்குது."

"என்ன ஆராய்ச்சி?"

"ஐம்பத்தஞ்சு மில்லிமீட்டர்."

நீங்களும் அவளைப் போலவே முழிக்கிறீர்கள். சொல்கிறேன். என் தொலைநோக்கியில் வானத்தின் ஒரு துண்டுதான் தெரியும். இன்னும் கொஞ்சம் அகலமாகத் தெரியட்டும் என்று ரெட்யூசர் என்ற ஒரு கண்ணாடி வில்லை வாங்கினேன். அது பிம்பத்தைச் சுருக்கும். சுருக்குவதால் நிறைய வானம் படத்துக்குள் அடங்கும். ஆனால் புது மாப்பிள்ளை மாதிரி அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அதன் முதுகுக்கும் கேமராவில் படம் பதியும் சென்சாருக்கும் நடுவே சரியாக ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் படத்தின் நடுவில் நட்சத்திரம் உருண்டையாக இருக்கும், மூலைகளில் இழுபட்டுப் போகும்.

"படத்தைக் குறைக்குதோ இல்லையோ, நம்ம வீட்டுல இடத்தைக் குறைக்குது" என்றாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குக் கிண்டல் எவ்வளவோ அவ்வளவு குறுகுறுப்பும் உண்டு. நான் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, காபியை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நடுவுல இருக்கறதெல்லாம் நல்லா நிமிர்ந்து நிக்குது. மூலையில இருக்கறதுக்கு மட்டும் ஏங்க கூன் விழுந்திருக்கு?"

"அதான் பிரச்சினை."

"எல்லாமே நடுவைச் சுத்தி வளையுது, பார்த்தீங்களா? ராட்டினம் சுத்தற மாதிரி. இந்த மூலையில மூணு பேர் ஒட்டிக்கிட்டு ரகசியம் பேசறாங்க பாருங்க. உங்க மூணு அக்காவும் கல்யாண வீட்டுல உட்கார்ந்திருக்கற மாதிரியே இல்ல?"

அன்றிலிருந்து அந்த மூன்று நட்சத்திரங்களுக்கு எங்கள் வீட்டில் 'நாத்தனார்கள்' என்று பெயர்.

"ஐம்பத்தஞ்சுன்னு எங்கேருந்து எங்க வரைக்கும் அளந்தீங்க?" என்று கேட்டாள்.

"ரெட்யூசர் முதுகுலேருந்து கேமரா முகம் வரைக்கும்."

"கேமராவுக்குக் கண்ணு முகத்துலயா இருக்கு? மூடியைத் திறந்தா கிணத்துக்குள்ள கிடக்கற மாதிரி தெரியுதே?"

நான் யார் தெரியுமா? சர்வேயர். ஊர் நிலத்தையெல்லாம் அளக்கிறவன். ஒரு முழ நிலத்துக்காக வெட்டிக்கொள்ளப் போன பங்காளிகளை ஒரே டேப்பில் சமாதானம் செய்தவன். எனக்கு எல்லைக்கல் தெரிந்தால் போதும், அளவு தப்பாது. இங்கே கேமராவின் முன்விளிம்புதான் எல்லைக்கல். பளபளவென்று வெளியே தெரிகிறது. வெளியே தெரியாத இடத்திலிருந்து எந்த சர்வேயராவது அளப்பானா?

"அளவைப் பத்தி என்கிட்டயே பாடம் எடுக்கறியா?"

"பாடம் எடுக்கலீங்க. கேக்கறேன்."

"கேக்காத."

"சரி, கேக்கல. பந்தயம் கட்டலாமா? ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வர்றான். அவன் முன்னாடி ஒரு படம் காட்டுங்க. ஒரு நட்சத்திரம்கூட கோணலா இருக்கக் கூடாது. ஜெயிச்சா ரூம் உங்களுக்கு. தோத்தா எனக்கு."

"கட்டினேன்!" என்றேன். வீரம் வாயில் வந்துவிட்டது. அளவு வரவில்லை.

அந்த வாரம் முழுக்க, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையங்களோடு மல்லுக்கட்டினேன். ஒன்று சேர்த்தேன். கூன் கூடியது. ஒன்று கழற்றினேன். கூன் அப்படியே இருந்தது. இரண்டு சேர்த்தேன். பெரிய நாத்தனார் வாழைப்பழம் ஆனாள். ரெட்யூசரையே மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அவரும், "எங்கேருந்து அளந்தீங்க சார்?" என்றார். இந்த உலகத்துக்கு வேறு கேள்வியே தெரியாதா என்று போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை மாலை மேகம் மூடிக்கொண்டது. இனி புதுப்படத்துக்கு வழியில்லை. ராஜ்யம் கைவிட்டுப் போகும் நேரத்தில்தான் ராஜாக்களுக்கு ராஜதந்திரம் தோன்றும். எனக்கும் தோன்றியது. மூலையில்தானே கூன்? மூலையே இல்லாவிட்டால்?

பழைய படத்தைத் திறந்தேன். நாலு பக்கமும் வெட்டினேன். நடுவை மட்டும் எடுத்துப் பெரிதாக்கினேன். அடடா! ஒவ்வொரு நட்சத்திரமும் குண்டுமணி. இத்தனை நாள் எதற்கு வளையம் வளையமாகத் திருகினேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது. அச்சுப் போட்டுச் சட்டமும் மாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். படத்தைக் கையில் வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார்.

"மாப்ளே, பிரமாதம்! ஒண்ணுகூட கோணல் இல்ல. தங்கச்சி, நீ தோத்துட்ட."

நான் காலர் இல்லாத பனியனில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மனைவி படத்தை வாங்கி, நாலு ஓரத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"நாத்தனாருங்களைக் காணோமே?"

"யாரை?"

"மூணு பேரையும். மூலையில ரகசியம் பேசிக்கிட்டிருந்தாங்களே."

"அவங்க... ஓரமா இருந்தாங்க. வெட்டிட்டேன்."

மச்சான் காபியை உறிஞ்சுவதை நிறுத்தினார். "வெட்டிட்டீங்களா?"

"நிறைய வானம் தெரியணும்னுதானே அந்த ரெட்யூசரை வாங்கினீங்க?" என்றாள் மனைவி. "வாங்கிட்டு, தெரிஞ்சதை வெட்டிட்டா எப்படி? பெரிய சட்டையா வாங்கிக் கையைக் கத்தரிச்ச கதையா இல்ல இருக்கு!"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். விதி யாரை விட்டது!

"இதோ பாரு. படத்துக்கு முக்கியம் நடு. மூலையை எவன் பார்க்கறான்? மூலை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நடு நல்லா இருந்தா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். சரிதானே மச்சான்?"

"மாப்ளே சொன்னா சரிதான்" என்றார் அந்த அப்பாவி.

"அப்ப நாலு மூலையும் உங்களுக்கு வேண்டாம்?"

"எனக்கு எதுக்கு?"

"நான் எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்கோ!"

"அண்ணா, கேட்டுக்கிட்ட இல்ல? சரிங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க. ரூம் உங்களுக்கே" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே காபி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். கல்யாணமானதிலிருந்து நான் ஜெயித்த முதல் பந்தயம். சந்தோஷத்தில் அவள் சிரிப்பை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து மாடி ஏறினேன். என் அறை இருந்தது. நடுவில் தொலைநோக்கியும் இருந்தது. ஒரு மூலையில் நோயாளிகள் படுக்கும் பெஞ்சு. இன்னொரு மூலையில் மிதித்தாலும் நகராத சைக்கிள். மூன்றாவதில் ஆளுயரக் கண்ணாடி. நாலாவது மூலையில் எதிர்வீட்டு வாத்தியார்.

"ஏழு" என்றார் அவர் காலைத் தூக்கியபடி. "அப்புறம் என்ன சார்?"

"எட்டு" என்றேன்.

நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எழுந்து நடக்க இடமில்லை. சும்மா இருந்த கைக்குக் கேமராதான் கிடைத்தது. கழற்றி மூடியைத் திறந்தேன். முதல் முறையாக உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். கண் கிணற்றுக்குள்தான் கிடந்தது. கேமராவோடு வந்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். முன்விளிம்பிலிருந்து சென்சார் பதினேழரை மில்லிமீட்டர் உள்ளே.

எல்லைக்கல்லை அடுத்தவன் நிலத்தில் நட்டுவிட்டு, அரை மில்லிமீட்டருக்கு ஒரு வாரம் வழக்காடியிருக்கிறேன்! வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. ஐம்பத்தைந்தில் பதினேழரையைக் கழித்து, மிச்ச இடைவெளிக்கு மட்டும் வளையங்களை மாட்டினேன். இருட்டியதும் மேகம் விலகியது. படம் எடுத்தேன். நாலு மூலையிலும் நட்சத்திரங்கள் உருண்டையாக, பொடிப்பொடியாக, ஊசி குத்தின மாதிரி நின்றன. என் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன்.

அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அய்யோ, நாத்தனாருங்க! மூணு பேரும் எவ்வளவு நிமிர்ந்து நிக்கறாங்க! பெரியவங்க கொஞ்சம் நீலமா இருக்காங்க இல்ல? இது அப்போ தெரியலையே. எப்படிங்க செஞ்சீங்க?"

"கண்ணு உள்ளதான் இருந்துச்சு. நீ சொன்ன மாதிரி."

அவள் 'அதான் சொன்னேனே' என்று சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது.

"பார்த்தியா? மூலை எவ்வளவு முக்கியம்! மூலை இல்லேன்னா படமே இல்ல. அதனால அந்த ரூம் மூலையெல்லாம் எனக்கே திருப்பிக் குடுத்துடேன்."

"நானும் அதையேதாங்க நெனச்சேன்" என்றாள். "மூலை இவ்வளவு முக்கியம்னு நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க. இனிமே அதை எப்படிங்க விட முடியும்?"

இப்போதெல்லாம் காலையில் முழங்கால் வலிக்காரர்கள் என் தொலைநோக்கியைச் சுற்றி வட்டமாக நடக்கிறார்கள். யாரும் அதில் இடித்துவிடக் கூடாது என்று மனைவி தரையில் சாக்பீஸால் கோடு போடச் சொன்னாள். ஸ்டாண்டு காலிலிருந்து சரியாக ஐம்பத்தைந்து சென்டிமீட்டர். அளந்து கொடுத்தது நான்தான்.