பேதிக்கு ரெண்டு மாத்திரை

பிறர் எழுதும் தமிழில் பிழை பார்ப்பதுதான் என் பிழைப்பு. நானே வாய் திறந்து செய்த பிழை ஒன்று உண்டு.

அப்போது லிங்கராஜபுரத்தில் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியராக இருந்தேன். நகரின் மறுகோடியிலுள்ள ஹெப்பகோடியில் பெண் பார்க்கப் போகவேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று முறை வயிற்றால் போயிற்று. மாலை நான்கு மணிக்குள் அது நின்றாக வேண்டும். (ஏற்கெனவே இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் இனி தேடுவதில்லை என்று ஆம்பூரிலிருந்து அப்பா அறிவித்திருந்தார்.) கிளினிக் பூட்டியிருந்தது. மெடிக்கல் ஷாப் திறந்திருந்தது.

‘மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்து வாங்காதீர்கள்’ என்று அதே வாரம் ஒரு கட்டுரைக்குத் தலைப்பு போட்டவன் நான்.

கடைக்காரரை அந்தத் தெருவே டாக்டர் என்றுதான் கூப்பிடும். என்ன படித்தவர் என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண்மணி முழங்கால் வலியைக் கன்னடத்தில் சொல்லி முடிப்பதற்குள், நான்கு மாத்திரைகளைக் கத்தரித்துக் கவரில் போட்டுவிட்டார். எனக்குப் பின்னால் வீட்டுக்காரரின் மகள் வந்து நின்றாள். நான் குரலைத் தாழ்த்தினேன்.

“பேதிக்கு மாத்திரை குடுங்க.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“இன்னிக்கு லீவா சார்?”

“ஆமா, லீவுதான்.”

“அப்ப சரி. ரெண்டா போட்டுக்குங்க. சுத்தமா ஆயிடும்.”

லீவை விசாரித்தது மரியாதைக்கு என்று நினைத்தேன். சுத்தமாக ஆகும் என்றது நோயை என்று நினைத்தேன்.

மதியம்வரை வயிறு அமைதியாக இருந்தது. பேருந்தில் கடைக்காரரை மனத்துக்குள் பாராட்டிக்கொண்டே போனேன். அப்பா நேராக ஹெப்பகோடிக்கே வந்திருந்தார். கேசரித் தட்டு கைக்கு வந்தபோது அடிவயிற்றில் ஏதோ புரண்டது. பெண் காபி கொண்டுவந்தாள். “தனியா ஏதாவது பேசணும்னா பேசுங்க தம்பி” என்றார் அவளுடைய அப்பா. நான் எழுந்து அவளிடம் முதன்முதலாகப் பேசினேன்.

“பாத்ரூம் எங்கங்க?”

(அது கூடத்தை ஒட்டியே இருந்தது. கதவு மெல்லியது.)

ஐந்தாம் முறை நான் வெளியே வந்தபோது கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அப்பா காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். பெண் மட்டும் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை நீட்டி, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். அவள் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். சட்டைப் பையிலிருந்த காலி மாத்திரை அட்டையைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது நிக்கிறதுக்கு இல்லீங்க. போறதுக்கு.”

காய்ச்சலுக்கு மாத்திரை என்றால் காய்ச்சல் போவதற்கு. தூக்கத்துக்கு மாத்திரை என்றால் தூக்கம் வருவதற்கு. பேதிக்கு மாத்திரை என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். நான்காம் வேற்றுமைக்குப் பகைப் பொருளும் உண்டு, பொருட்டு என்ற பொருளும் உண்டு என்பது பள்ளிக்கூடப் பாடம். மறுநாள் கடைக்காரரிடம் போய் நின்றேன். “பேதிக்குன்னுதானே சார் கேட்டீங்க?” என்றார். இலக்கணப்படி அவர்மேல் குற்றமில்லை. எத்தனை முறை போயிற்று என்று கேட்டிருக்கலாம். ஆனால் அது மருத்துவர் கேட்கிற கேள்வி.

அந்தப் பெண் சம்மதித்தாள். (இதற்குமேல் மறைக்க இவரிடம் எதுவும் இல்லை என்று தன் அம்மாவிடம் காரணம் சொன்னாளாம்.) எங்கள் மகள் இப்போது ஏழாம் வகுப்பு. போன வாரம் இருமிக்கொண்டே, இருமலுக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் புத்தகத்திலிருந்து தலை நிமிரவில்லை.

“வர்றதுக்காப்பா, போறதுக்கா?”

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“மொதல்ல லீவான்னு கேளுடி.”