பசிதாங்கி அண்ணன் போட்ட களி

மனிதர்களைப் பட்டினி போட்டு வதைத்தவர்கள் உலகத்தில் பலர் உண்டு. பசியே எடுக்கவிடாமல் வதைத்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பசிதாங்கி அண்ணன்.

யுத்த காலம். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நான் சர்வேயராக இருந்தேன். அன்னவாசல் பக்கம் கூடாரம் போட்டுத் தங்கி, ஊர் ஊராக நிலம் அளந்துகொண்டிருந்தோம். அண்ணன் எனக்குக் கீழே அளவுச் சங்கிலி பிடிக்கிறவர். வரப்பில் நிற்கும்வரை என்னை "சார்" என்று கூப்பிட்டு, சொன்னதைச் செய்வார். சாப்பாட்டு நேரம் வந்தால் நான் "தம்பி" ஆகிவிடுவேன். கூடாரத்துச் சமையலும் அவர் கையில் இருந்ததால் எங்களில் மேல் உத்தியோகஸ்தன் யார் என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. ஆபீஸ் ஏட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த நேரம். ஊரே அரிசியைத் தேடி அலைந்தபோது, அது கிடைக்காததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆத்மா அவர்தான். எந்தச் சாப்பாட்டைக் காட்டினாலும் ருசியைப் பற்றிக் கேட்க மாட்டார். "எம்புட்டு நேரம் தாங்கும்?" என்றுதான் கேட்பார். வரகுச் சோறு உச்சிப் பொழுது தாண்டியும் தாங்கும். கேப்பைக் களி விளக்கு வைக்கும்வரை தாங்கும். இட்லி என்ற பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிப்பார்.

"அது மாவு இல்ல தம்பி, காத்து. காத்தத் தின்னுட்டு மனுசன் வேல பாக்க முடியுமா?"

எனக்கோ இட்லி என்றால் உயிர். ஒரு நாள் காலையில் அவருக்குத் தெரியாமல் அன்னவாசல் காப்பி கிளப்புக்குப் போய் ஆறு இட்லியும் ஒரு காப்பியும் முடித்துக்கொண்டு வந்தேன். பத்தரை மணிக்கே வயிறு காட்டிக்கொடுத்துவிட்டது. அண்ணன் அளந்துகொண்டிருந்த சங்கிலியைக் கீழே வைத்துவிட்டு, மடியிலிருந்து அவித்த கொள்ளை ஒரு கை எடுத்து நீட்டினார். குதிரை எதைத் தின்றுவிட்டு ஓடுகிறது என்று கேட்டார். கொள்ளு என்றேன். அம்புட்டுத்தான் என்றார். நான் குதிரை இல்லை என்று வாதாடத் தெம்பில்லாமல் தின்றேன். பொழுது சாயும்வரை பசிக்கவில்லை. எனக்கு ஆத்திரமே அதுதான். அந்த மனிதர் சொன்னது ஒரு தடவையாவது பொய்த்துத் தொலைத்திருந்தால் நான் நிம்மதியாக இட்லி தின்றிருப்பேன். கொள்ளின் மற்றக் குணங்களைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. நாலு பேர் ஒரே கூடாரத்தில் இருந்தோம் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

என்ன தின்பது என்பதோடு விட்டாரா? எப்படித் தின்பது என்பதற்கும் சட்டம் வைத்திருந்தார். முதலில் ஒரு செம்பு மோர்த்தண்ணீர், பிறகு கீரை, அதன்பின் பயறு, கடைசியில்தான் சோறு. கல்யாணப் பந்தியிலும் இதே கதை. சோற்று வாளியோடு வருகிறவனைக் கையமர்த்திவிட்டு, "பொரியல் இன்னும் ரெண்டு கரண்டி" என்று உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்து இலைக்காரன் நான். வெட்கம் பிடுங்கித் தின்னும்.

ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு தடவை மெல்ல வேண்டும். அது முடியும்வரை சாமியே வந்து கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது. சாமி வரவில்லை, தணிக்கைக்கு மேலதிகாரி வந்தார். நான் வயலின் மறுகோடியில் இருந்தேன். எல்லைக்கல் எங்கே இருக்கிறதென்று அண்ணனிடம் கேட்டிருக்கிறார். அண்ணன் அப்போதுதான் ஒரு கவளத்தை உள்ளே தள்ளியிருந்தார். உள்ளங்கையைக் காட்டி அதிகாரியை நிறுத்திவிட்டு மெல்ல ஆரம்பித்தார். சித்திரை வெயிலில் தொப்பி நனைய நனைய அதிகாரி நின்றார். முப்பத்திரண்டும் முடிந்து, விழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்தா, வேப்ப மரத்துக்கு அங்கிட்டுங்க" என்றார் அண்ணன். அதிகாரி அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் கூப்பிட்டு வைத்து அரை மணி நேரம் அர்ச்சனை செய்தார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். என் கல்யாணத்தில் கை வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

எனக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாகப் பொன்னமராவதிப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் பெண் இருக்கிறதென்று, அறந்தாங்கியிலிருந்து அம்மா கூடாரத்துக்கே வந்துவிட்டாள். இதுவும் தட்டினால் இனி எவர் வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னாள். அப்பா காலமாகிவிட்டதால் பெரிய மனிதராக யாராவது கூட வரவேண்டும். அம்மாவின் கண்ணில் பட்டவர் அண்ணன்தான்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் சட்டென்று சாப்பிட மாட்டோம். பெண்ணைப் பிடித்திருந்தால்தான் இலையில் உட்கார்ந்து கை நனைப்போம். நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். உட்கார்ந்த பிறகு சோற்றை ஒதுக்கினால் பெண் வேண்டாம் என்று முகத்தில் அடிக்கிற மாதிரி. பிடிக்காவிட்டால் இன்னொரு நாள் சாப்பிடுகிறோம் என்று நழுவிவிடலாம். கல்யாணமே பண்ணிக்கொள்ளாத அண்ணனுக்கு இந்த நுட்பமெல்லாம் எங்கே எட்டப்போகிறது? போகிற இடத்தில் மாப்பிள்ளை பறக்காவெட்டி மாதிரி தின்றால் மரியாதை போய்விடும் என்பது அவர் கட்சி. புறப்படுகிற அன்று காலையில் இரண்டு உருண்டை கேப்பைக் களி, மொச்சைக் குழம்பு. வண்டியில் போகும்போது கொள்ளு. அதன்மேல் ஒரு செம்பு மோர். மறுத்தால் அந்த மனிதர் முகம் தொங்கிப்போகும் என்று நானும் தின்று தொலைத்தேன்.

பெண் வந்தாள். பெரியவர்களைக் கும்பிட்டுவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். பயமில்லாத பார்வை. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. தலையாட்டினேன். அவள் தகப்பனார் சந்தோஷத்தோடு இலை போடச் சொன்னார். இலையில் விழுந்தது வெள்ளைவெளேரென்று சம்பாச் சோறு. அந்தத் தட்டுப்பாட்டில், விதைக்கு வைத்திருந்த நெல்லைக் குத்தி எங்களுக்காக வடித்திருந்தார்கள்.

இரண்டு வாய் உள்ளே போனது. மூன்றாவதைத் தொண்டை வாங்கவில்லை. உள்ளே களி மோரைக் குடித்து ஊதிக்கொண்டிருந்தது. சோற்றை இலையில் இங்கிட்டும் அங்கிட்டும் தள்ளிக்கொண்டிருந்தேன். தகப்பனார் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகம் கறுத்தது.

"புடிக்கலன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல அய்யா. வெதநெல்லுங்க அது."

கதவோரம் தெரிந்த சேலைத் தலைப்பு உள்ளே போய்விட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூன்றாவது இடமும் தட்டிப்போனது தெரிந்தது. காலையிலேயே களி தின்றுவிட்டு வந்தேன் என்று மாப்பிள்ளை வாயால் எப்படிச் சொல்வது? களி கிண்டிப் போட்ட மனிதரோ பக்கத்தில் மென்றுகொண்டிருந்தார். உள்ளங்கையை வேறு காட்டினார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். அந்த நேரத்தில் அவரைக் கொன்றிருந்தாலும் எந்தக் கோர்ட்டும் என்னை விடுதலை செய்திருக்கும்.

பெண்ணின் தகப்பனார் தோள் துண்டை உதறிக்கொண்டு திரும்பினார். அண்ணன் மென்றதைப் பாதியிலேயே விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மாப்பிள மேல குத்தமில்லீங்க. காலைல நாந்தான் களி கிண்டிப் போட்டேன். அவருக்குப் புடிக்காம இல்ல. வயித்துல எடமில்ல."

"பொண்ணு பாக்க வர்ற மாப்பிளைக்கு எந்தக் கிறுக்கனாச்சும் களி போடுவானா?"

"அந்தக் கிறுக்கன் நாந்தாங்க" என்று மடியை அவிழ்த்து மிச்சக் கொள்ளை எடுத்துக் காட்டினார். பெரியவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. அண்ணன் ஒரு நிமிஷம் என் இலையைப் பார்த்தார். பிறகு எட்டி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என்னைவிட இருபது வயது மூத்தவர், நான் கை வைத்து அளைந்த எச்சில் சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். காலையில் எனக்கு இரண்டு உருண்டை என்றால் அவருக்கு மூன்று. மெல்லவில்லை. முதலில் எது, கடைசியில் எது என்று பார்க்கவில்லை. பாயசத்தையும் விடவில்லை. நெற்றி வேர்த்து ஒழுகியது. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துவிட்டு, "வெதநெல்லு வீணாப் போகக் கூடாதுங்க. பொண்ணு வாழ்க்கையும்தான்" என்றார்.

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் கேட்டது.

"அப்பா, அவுகளுக்குச் சுக்குத் தண்ணி வச்சுத் தாரேன். ரெண்டு பேருக்குமே வைக்கிறேன்."

பெரியவர் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தார். சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டு, தை மாசம் தோதுப்படுமா என்று அம்மாவிடம் கேட்டார்.

திரும்பி வரும்போது அண்ணன் வண்டியில் சுருண்டு படுத்துவிட்டார். வழி நெடுக அம்மா அவரைத் திட்டிக்கொண்டும் முந்தானையால் விசிறிக்கொண்டும் வந்தாள். நானும் என் பங்குக்குத் திட்டினேன். அன்னவாசல் நெருங்கியபோது, மணவறையில் உன் அப்பா இடத்தில் யாரை நிறுத்துவது என்று அம்மா கேட்டாள். எரிச்சலில் இருந்த எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. இதையெல்லாம் என்னிடம் கேட்க வேண்டுமா? அவரை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?