விசிலுக்கு எந்திரிச்ச காட்டுமாடு

ஒரு அப்பனுக்குப் பொறாமை வரக்கூடாத ஆளுக ரெண்டு பேருங்க. ஒண்ணு மச்சினன், இன்னொண்ணு பெத்த பொண்ணு. எனக்கு ஒரே நாள்ல ரெண்டு பேரு மேலயும் வந்துச்சு.

நமக்குப் படிப்பு கம்மி. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்குனதோட சரி. (எங்கூர்ல மழை ஜாஸ்திங்கறதால மூணாவது வரைக்கும் ஒதுங்கிட்டேன்.) இப்பத் தேயிலை மூட்டை ஏத்தற பிக்கப் ஓட்டறேன். ஆனா எங்க ஊட்டுக்கு நான்தான் விஞ்ஞானி. பொண்ணு தர்ஷினி சின்னதுல என்ன கேட்டாலும் பதில் ரெடி. மேகம் எங்கிருந்துப்பா வருது? டீ ஃபேக்டரி புகைக்கூண்டுல இருந்து. கேட்டுட்டுத் தலைய ஆட்டும். அந்த மாதிரி கூட்டம் எந்த மந்திரிக்கும் கெடைக்காதுங்க.

என்னோட பெரிய கண்டுபிடிப்பு விசில். ஜெகதளாவுல தேயிலைக் காட்டு ஓரமா எங்க ஊடு. மேரக்காய்ப் பந்தலுக்குக் கீழ (சௌசௌவ எங்கூர்ல அப்படித்தான் சொல்லுவோம்) ஒரு காட்டுமாடு வந்து பகல் பூராப் படுத்துக் கெடக்கும். பொழுது சாயறப்ப நான் வாசல்ல நின்னு, ரெண்டு வெரல வாயில விட்டு ஒரு விசில். மாடு எந்திரிச்சுப் போயிரும். தர்ஷினியும் சின்னவன் கவினும் கை தட்டுவாங்க.

தர்ஷினிக்குப் பன்னெண்டு முடிஞ்ச வருசம், ஒரு ஞாயித்துக்கெழம. என் சம்சாரத்தோட தம்பி பிரபு கோயமுத்தூர்ல இருந்து வந்திருந்தான். கண்ணாடி போட்ட ஆளு. மத்தியானச் சாப்பாட்டுல நான் விசில் மகிமைய எடுத்து விட்டேன்.

"அப்பா, நீங்க லோடு போயிட்டு லேட்டா வர்ற அன்னிக்கும் அது அந்நேரத்துக்கே போகுதுங்களே?"ன்னா தர்ஷினி.

"அன்னிக்கெல்லாம் ரோட்டுல இருந்தே அடிச்சுருவேன் கண்ணு. அதுக்குக் காது ரொம்ப ஷார்ப்பு."

அவ என்னையப் பாக்கலைங்க. மாமனப் பாத்தா. "மாமா, ஒரு நாளு அடிக்காம, இன்னொரு நாளு நேரங்கெட்ட நேரத்துல அடிச்சுப் பாத்தாத் தெரிஞ்சிருமில்ல?"

பிரபு சோத்துல இருந்து கைய எடுத்தான். "அட! நீ என்ன நெனைக்கற?"ன்னான்.

அவ மூஞ்சி பல்பு மாதிரி எரிஞ்சுது. என் வயிறும் எரிஞ்சுது. (ரசத்துல காரம்னு சம்சாரத்துக்கிட்டச் சொன்னேன்.) நான் இத்தன வருசமாப் பதிலாக் குடுத்து வளத்தேன். இவன் ஒத்தக் கேள்வி கேட்டு எம்புள்ளைய ஓட்டிட்டுப் போறான்!

"எதுக்கு ரெண்டு நாளு? இப்பவே அடிக்கறேன்"னு எந்திரிச்சேன்.

"ஏனுங்க, சோத்தத் தின்னுட்டு சும்மா கெடங்க"ன்னா சம்சாரம்.

கெடந்தனா? வாசலோட நிக்கறவன் அன்னிக்குப் பந்தல் வரைக்கும் போனேன். அடிச்சேன். மாடு காத ஆட்டுச்சு. இன்னொண்ணு அடிச்சேன். எந்திரிச்சிருச்சு! பொண்ணு பாக்குதான்னு பெருமையாத் திரும்புனேன். பின்னால 'புஸ்ஸு'ன்னு ஒரு மூச்சு. முதுகு சூடாயிருச்சு. அதுக்கப்பறம் நெனப்பு வந்தப்ப நான் பேரிக்கா மரத்து மேல இருக்கறேன், லுங்கி கீழ்க்கெளையில இருக்குது.

மாடு மரத்தடியிலயே படுத்துக்கிச்சு. நான் விசில் அடிச்சுட்டே இருந்தேன். ஜன்னல்ல மாமனும் மருமகளும்.

"மச்சான், சௌரியமா இருக்கீங்களா?"

"நீ ஊருக்குக் கெளம்பு, சௌரியமாயிருவேன்!"

"மாமா, இதுக்கும் போகலைங்க"ன்னு தர்ஷினி ஒவ்வொரு விசிலுக்கும் சொல்லிட்டே இருந்தா.

பொழுது சாஞ்சுது. உதடு வீங்கி நான் விசில நிறுத்தி ரொம்ப நேரமாச்சு. மாடு தானா எந்திரிச்சு, வழக்கமான வழியில, வழக்கம்போலப் போச்சு. (துரோகி.)

எல்லாரும் வெளிய வந்தாங்க. கவின் மட்டும் கை தட்டுனான். "அப்பா ஜெயிச்சுட்டாரு! விசில் லேட்டா வேலை செஞ்சிருக்குது!"

அந்தப் பதிலையே நானும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.

இன்னிக்கும் எங்க ஊட்டுல போன கரண்ட் வந்தாலும், மழை விட்டாலும், பஸ் வந்தாலும் "அப்பா விசில் அடிச்சாருங்க"ன்னுதான் பேச்சு. பிரபு போன எடுத்தா ஹலோவுக்குப் பதிலா விசில் அடிக்கறான். எனக்கு மிஞ்சுன ஒரே ரசிகன் கவின்.

அவனும் வளந்துட்டானுங்க. போன வாரம் வந்து நின்னான். "அப்பா, மாடு போனா விசில்னாலங்கறீங்க. போகலைன்னா லேட்டுங்கறீங்க. அப்ப விசில் வேலை செய்யலைங்கறது எப்படிங்கப்பா தெரியும்?"

இவனும் மாமனுக்குப் போன் போடறதுக்குள்ள முந்திக்கிட்டேன். "நீ என்ன நெனைக்கற கண்ணு?"

மூஞ்சி அதே பல்பு. பொறவு பேரிக்கா மரத்தப் பாத்தான்.

"நீங்க இன்னொருக்கா ஏறி, விசில் அடிக்காமப் பாக்கோணும்ப்பா."